வீட்டு நீச்சல் தடாகத்து மோட்டரை எவ்வளவு நேரம் ஓட்டுவது? கூட்டினால் கரண்ட் பில், குறைத்தால் பாசி

இணுவில்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் இணுவிலில் அண்ணன் கட்டின வீட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் கனடாவில், வருடத்தில் ஒருக்கால் வருவார்கள், மற்ற நாளெல்லாம் பின்னேரத்தில் எங்கள் பிள்ளைகளும் சொந்தக்காரப் பிள்ளைகளும் வந்து நீந்திப் பழகுகிறார்கள். பின் வளவில் உள்ள தடாகம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், ஆழம் ஒரு பக்கம் 1.2 மற்றப் பக்கம் 1.6. ஒரே வேகத்தில் ஓடும் 1 குதிரைவலு மோட்டர், மணல் பில்டர். தண்ணீர் வீட்டுக் கிணற்றில் இருந்து. குளோரின் வில்லைகளை ஸ்கிமர் (மேல் தண்ணீரை இலையோடு இழுக்கிற வாய்) கூடைக்குள் போட்டு வைக்கிறோம், அதைக் கட்டித் தந்தவர்கள் சொன்ன முறை அது.

அவர்கள் 10 தொடக்கம் 12 மணித்தியாலம் ஓட்டச் சொன்னார்கள். அப்படி ஓட்டினால் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது, ஆனால் கரண்ட் பில் வந்தால் அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பவே கை வருவதில்லை. 4 மணித்தியாலமாகக் குறைத்தால் ஒரு கிழமைக்குள் சுவர் வழுக்குகிறது, பிறகு மூலைகளில் பச்சை. வளவில் ஒரு பெரிய வேம்பு வேறு நிற்கிறது.

உண்மையில் எத்தனை மணித்தியாலம் தேவை? இரவில் ஓட்டினால் மலிவா? வேகம் மாற்றக்கூடிய மோட்டர் வாங்கினால் போட்ட காசு திரும்பி வருமா? எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் பாசிக்கும் ஏதும் தொடர்பு இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தடாகவேலை:

வணக்கம் அண்ணை. வில்லை ஸ்கிமர் கூடைக்குள் இருக்கிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்த வில்லை மோட்டர் ஓடும்போது தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போனால்தான் ஒழுங்காகக் கரைந்து தடாகத்துக்குப் போய்ச் சேரும். 10 மணித்தியாலத்தை 4 ஆக்கியபோது நீங்கள் கரண்டை மட்டும் குறைக்கவில்லை, குளோரினையும் பாதிக்குக் கீழே குறைத்துவிட்டீர்கள். பாசி வந்தது அதனால். மோட்டர் தண்ணீரை நகர்த்தும், பில்டர் தூசியைப் பிடிக்கும், அவ்வளவுதான், கிருமியையும் பாசியையும் கொல்வது குளோரின். இந்த இரண்டையும் பிரித்துக் கையாளாதவரை மணித்தியாலத்தைக் குறைக்க ஏலாது.

இன்னொரு விசயம், மோட்டர் நிற்கும் நேரத்தில் அந்த வில்லை கூடைக்குள் தேங்கிய தண்ணீரைக் கடும் அமிலமாக்கி வைத்திருக்கும். மறுபடி மோட்டரைப் போட்டதும் அது அப்படியே குழாய்க்குள்ளும் மோட்டருக்குள்ளும் போகும், சீல் எல்லாம் அரித்துப்போகும். ஆகவே வில்லையை அங்கிருந்து எடுத்து, மிதக்கும் டப்பாவில் போடுங்கள். அல்லது வில்லையையே விட்டுவிட்டு, பொழுதுபட்ட பிறகு திரவக் குளோரினைக் கையால் ஊற்றுங்கள், நான் இதைத்தான் விரும்புவேன்.

இப்போது கணக்கு. உங்கள் தடாகத்தின் சராசரி ஆழம் 1.4 மீற்றர், 8 தர 4 தர 1.4 என்றால் கிட்டத்தட்ட 45 கன மீற்றர், அதாவது 45,000 லீற்றர். 1 குதிரைவலு மோட்டர் மணல் பில்டருக்கூடாக மணிக்கு 11 கன மீற்றர் தள்ளுகிறது என்று வைத்தால் 4 மணித்தியாலத்தில் ஒரு சுற்று. ஒரு சுற்று என்றால் எல்லாத் தண்ணீரும் பில்டரைக் கடந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, வடிகட்டின தண்ணீர் வடிகட்டாததோடு கலந்துகொண்டே இருக்கிறதால் ஒரு சுற்றில் 63 வீதம், இரண்டில் 86, மூன்றில் 95 என்றுதான் வரும். ஹோட்டல் தடாகத்துக்கு மூன்று நான்கு சுற்று வேண்டும். பின்னேரத்தில் சில பிள்ளைகள் மட்டும் இறங்குகிற வீட்டுத் தடாகத்துக்கு, குளோரின் சரியாக இருந்தால், ஒரு சுற்று பெரும்பாலும் போதும். மாசியில் அதற்கும் குறைவாக ஓட்டலாம், சித்திரை வெயிலுக்கு 5, 6 மணித்தியாலம் தேவைப்படலாம்.

குளோரின் 1 இல் இருந்து 3 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்), பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7.2 இல் இருந்து 7.6. பி.எச். 8 க்குப் போனால் போட்ட குளோரினில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும், மிச்சம் சும்மா கிடக்கும். அப்புறம் சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் பறந்துபோகாமல் காப்பது இது, 30 தொடக்கம் 50 பிபிஎம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எங்கள் ஊர் நடுப்பகல் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பாதி போய்விடும். ஆனால் உங்கள் வில்லையிலும் இதுவே இருக்கிறது. வில்லையால் 10 பிபிஎம் குளோரின் போட்டால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேரும், அது ஆவியாகாது, கரைந்தும் போகாது, தண்ணீரை மாற்றினால்தான் குறையும். வருடக்கணக்கில் வில்லை மட்டும் போட்ட தடாகத்தில் அது 100 ஐத் தாண்டிக் கிடக்கும், அப்போது 2 பிபிஎம் குளோரின் பாசிக்கு ஒரு பொருட்டே இல்லை. சயனூரிக் அளவில் 7 அல்லது 8 வீதம் குளோரின் நிற்க வேண்டும் என்பதுதான் நாங்கள் பிடிக்கிற கணக்கு.

முதலில் ஒரு சோதனைப் பெட்டி வாங்கி இந்த மூன்றையும் அளந்து இங்கே போடுங்கள். இப்போது பச்சை இருக்கிறது என்றால் குளோரினை நன்றாக ஏற்றி, சுவரைத் தேய்த்து, தண்ணீர் தெளியும் வரைக்கும் மோட்டரை இரவு பகலாக ஓட விடுங்கள், அதில் கரண்ட் மிச்சம் பார்க்க வேண்டாம். தெளிந்த பிறகு கிழமைக்கு ஒரு மணித்தியாலமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஆழமான பக்கத்துத் தரை மங்கலாகத் தெரியத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் திரும்பக் கூட்டி, அங்கே நிறுத்துங்கள். உங்கள் தடாகத்துக்கு உரிய நேரம் அது.

மின்னிணைப்பு:

நான் வயரிங் வேலை செய்கிறவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

1 குதிரைவலு மோட்டர் மீற்றரில் இழுப்பது சுமார் 1 கிலோவாற். 10 மணித்தியாலம் என்றால் நாளுக்கு 10 யூனிற், மாதம் 300. மின்சார சபையின் வீட்டுக் கட்டணத்தில் கடைசிப் படி 180 யூனிற்றுக்கு மேலே தொடங்குகிறது. அதாவது இந்த மோட்டர் ஒன்றே, வீட்டில் ஒரு பல்ப் எரியாவிட்டாலும், உங்களைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோய்விடும். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது, மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு யூனிற்றும் மேலே இருந்துதான் கழியும், அதாவது விலை கூடின யூனிற்தான் முதலில் குறையும். 10 ஐ 5 ஆக்கினால் மாதம் 150 யூனிற், அதுவும் உச்ச விலையில்.

இரவா பகலா என்று கேட்டீர்கள். சாதாரண படிக் கட்டணத்தில் எந்த நேரம் ஓட்டினாலும் ஒரே விலை, இரவில் ஓட்டி ஒரு சதமும் மிச்சம் வராது. நேரத்தைப் பொறுத்த கட்டணத்துக்கு மாறினால்தான் வித்தியாசம். அதில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. ஆனால் மாறினால் முழு வீடும் மாறும். பின்னேரத்தில் ஏசி, மின் அடுப்பு, ரீவி எல்லாம் ஓடுகிற வீடென்றால் மோட்டரில் பிடித்த மிச்சத்தை அந்த 4 மணித்தியாலம் தின்றுவிடும். உங்கள் பில்லை எடுத்துக்கொண்டு மின்சார சபை அலுவலகத்தில் இரண்டு முறைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கூரையில் சோலார் இருந்தால் கதை வேறு, வெயில் நேரத்தில் ஓட்டுவதுதான் அனேகமாக லாபம்.

வேகம் மாற்றுகிற மோட்டர் பற்றி. இதை ஒருக்கால் விளங்கிக்கொண்டால் பிறகு கடைக்காரர் சொல்வதை நம்பியிருக்கத் தேவையில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், ஆனால் மின்வலு எட்டில் ஒன்றாகும். மோட்டரின் சொந்த இழப்பு, கட்டுப்படுத்திக்குப் போகிறது எல்லாம் சேர்த்து உண்மையில் 1000 வாற் இழுத்தது 150, 200 வாற்றுக்கு வரும் என்று வையுங்கள். அதே ஒரு சுற்றை 4 மணித்தியாலத்துக்குப் பதில் 8 மணித்தியாலத்தில் மெதுவாக முடித்தால் 4 யூனிற் போகிற இடத்தில் ஒன்றரை யூனிற். மெதுவாகப் போகிற தண்ணீரை மணல் பில்டர் இன்னும் நன்றாக வடிக்கும், சத்தமும் இல்லை. குறை என்ன என்றால் மெது வேகத்தில் ஸ்கிமர் இலையை இழுக்காது, அதனால் நாளில் ஒரு மணித்தியாலமாவது வேகமாக ஓட்ட வேண்டும், பில்டரைக் கழுவவும் தரையை உறிஞ்சவும் முழு வேகம் வேண்டும்.

இருக்கிற மோட்டருக்கே வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று பூட்டித் தருகிறேன் என்று ஆராவது வந்தால் பூட்ட விடாதீர்கள். உங்களுடையது கபாசிட்டர் வைத்த ஒற்றைக் கட்ட மோட்டராகத்தான் இருக்கும், அதற்கு அது சரிவராது, எரிந்துவிடும். மோட்டரையே மாற்ற வேண்டும். காசு திரும்பி வருமா என்பது நீங்கள் இப்போது எத்தனை மணித்தியாலம் ஓட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. தடாகவேலை சொன்ன மாதிரி 4, 5 மணித்தியாலத்துக்கு இறங்கிவிட்டால் புது மோட்டரின் விலை மெதுவாகத்தான் திரும்பும், இருக்கிறது பழுதாகும் வரை பொறுத்திருக்கலாம். பழுதானால் அதே 1 குதிரைவலுவைத் திரும்ப வாங்காதீர்கள். சின்ன அரைக் குதிரைவலு மோட்டர்கூடப் பாதியை விடக் கூடுதலான தண்ணீர் தரும், ஏனென்றால் ஓட்டம் குறைந்தால் குழாயின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் குறைகிறது. குழாய் ஒன்றரை இஞ்சி என்றால், மாற்றுகிற நேரம் 2 இஞ்சி போடுங்கள், அதே ஓட்டத்துக்கு உராய்வு நான்கில் ஒன்றாகும்.

ரைமர் வாங்கும்போது உள்ளே பற்றரி இருக்கிறதாகப் பாருங்கள். பற்றரி இல்லாதது கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் பிந்திக்கொண்டே போய், காலையில் ஓட வேண்டியது உச்ச நேரத்தில் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலே, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அந்த மோட்டர் வழிக்குத் தனியாக இருக்க வேண்டும், எர்த் கம்பியைச் சோதித்திருக்க வேண்டும். பிள்ளைகள் இறங்குகிற தண்ணீர். ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சோதனைப் பொத்தானை மாதம் ஒருக்கால் அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அன்றைக்கு ஒருவரையும் இறங்க விடாதீர்கள்.

தோட்டக்கிணறு:

தம்பி, கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவள், எங்கள் வளவிலும் தோட்டம் இருக்கிறது.

எங்கள் நிலம் சுண்ணக்கல். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்சியம்தான் தடாகத்து ரைல்ஸ் ஓரத்திலும் பில்டர் மணலிலும் படிகிறது. தடாகத்துக்குக் கல்சியம் கடினம் 200 இல் இருந்து 400 பிபிஎம் வரை இருக்கலாம் என்பார்கள், இங்கே பல கிணறுகளில் தொடக்கத்திலேயே அது கூட. வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது கல்சியம் போகாது, நீங்கள் மேலே கிணற்றுத் தண்ணீரை விட்டு நிரப்ப நிரப்ப அது சேர்ந்துகொண்டே வரும். மணல் கட்டியாகிவிட்டால் தண்ணீர் ஒரு பக்கத்தால் வழி பண்ணிக்கொண்டு வடிபடாமலே போகும், அப்போது எத்தனை மணித்தியாலம் ஓட்டினாலும் தெளியாது. பில்டர் மூடியைத் திறந்து மணலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். கட்டியாக இருந்தால் மணலை மாற்றுங்கள். குளோரின் தூளிலும் கல்சியம் இருக்கிறது, அதனால் எங்கள் தண்ணீருக்குத் திரவக் குளோரின் நல்லது என்று தடாகவேலை சொன்னதை நானும் சொல்வேன். தூளையும் வில்லையையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியால்கூடத் தொடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

பாசிக்கு வருவோம். வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு என்று தலைமுறையாக உரம் போட்ட மண் எங்களுடையது. குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, தோட்டப் பக்கத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நைத்திரேற்று பாசிக்குச் சாப்பாடு. குளோரின் நிற்கும் வரைக்கும் அது ஒன்றும் செய்யாது, ஒரு நாள் குளோரின் இறங்கினால் மழைத் தண்ணீர் நிரப்பின தடாகத்தைவிட எங்களுடையது வேகமாகப் பச்சை பிடிக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். பில்டர் கழுவுகிற தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்? மூன்று நிமிடம் கழுவினால் 500 லீற்றருக்கு மேலே போகிறது. எங்கள் மண் மெல்லியது, கீழே வெடிப்பு விழுந்த கல், மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. உங்கள் கிணறு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக் கிணறும் அதே தண்ணீர்தான். குடிக்கிற கிணற்றுப் பக்கம் ஒருபோதும் விடாதீர்கள். ஒரு தொட்டியில் பிடித்து இரண்டு நாள் வெயிலில் வைத்து, குளோரின் இறங்கினதை அளந்து பார்த்துவிட்டு, கிணற்றில் இருந்து தள்ளி நிற்கிற தென்னைக்கு விடலாம். கழுவுவதையும் கிழமைக் கணக்கில் செய்ய வேண்டாம். கழுவின உடனே அமுக்கமானி காட்டுகிற அளவைக் குறித்து வையுங்கள், அதற்கு மேலே 8, 10 பிஎஸ்ஐ ஏறினால் மட்டும் கழுவுங்கள். கொஞ்சம் அழுக்குப் பிடித்த மணல் இன்னும் நுணுக்கமாக வடிக்கும்.

இணுவில்வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்தேன். குளோரின் 0.5, பி.எச். 7.9, சயனூரிக் அமிலம் 100 என்ற கோட்டுக்கு மேலே காட்டுகிறது. கடினத்துக்கான தாள் கடைசி நிறத்துக்கே போய்விட்டது. வில்லையை எடுத்துவிட்டேன். அக்கா சொன்ன மாதிரி கழுவுகிற தண்ணீர்க் குழாயையும் பார்த்தேன், அது கிணற்றடிப் பக்கமாகத்தான் போகிறது, அதை இந்தக் கிழமையே மாற்றுவிக்கிறேன்.

சயனூரிக்கைக் குறைக்கத் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும் என்றால், தடாகம் முழுவதையும் இறைத்துவிட்டு மாரி மழைக்கு நிரப்பலாமா? இப்போது கிணற்றில் 45,000 லீற்றர் இறைக்கப் பயமாக இருக்கிறது, தண்ணீர் உவராகிவிடும் என்கிறார்கள்.

தடாகவேலை:

முழுவதும் இறைக்க வேண்டாம் அண்ணை, அதுவும் மாரியில் ஒருபோதும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். தடாகம் வெறுமையாக இருந்தால் கீழே இருந்து தண்ணீர் தள்ளித் தரையை வெடிக்க வைக்கும், சில நேரம் தடாகத்தையே தூக்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு இறைத்து, நிரப்பி, கலந்து, அளந்து, திரும்பவும் மூன்றில் ஒரு பங்கு. இப்படி இரண்டு முறை செய்தால் சயனூரிக் பாதிக்குக் கீழே வந்துவிடும், கல்சியமும் கொஞ்சம் இறங்கும்.

மழைத் தண்ணீர் நல்ல யோசனை, அதில் கல்சியம் இல்லை. 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 10,000 லீற்றர். முதல் மழையில் கூரையைக் கழுவி வருவதை வெளியே விட்டுவிட்டு, பிறகு பீலியில் இருந்து குழாய் போட்டுத் தடாகத்துக்கு விடுங்கள். மழைக்கு முன்னர் கிணற்றில் இறைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே நாளில் இறைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாளில் எடுங்கள், ஒரேயடியாக இழுத்தால்தான் அடியில் இருக்கிற உவர் நீர் மேலே வரும்.

அதுவரைக்கும் இந்தச் சயனூரிக்கோடு 7, 8 பிபிஎம் குளோரின் நிற்க வேண்டும். பி.எச். ஐ அமிலத்தால் 7.4 க்கு இறக்குங்கள், அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது. குளோரின் ஊற்றுகிற அதே நேரம் அமிலம் வேண்டாம், இரண்டும் கலந்தால் வருகிற வாயு நுரையீரலைச் சுடும். 10 வீதத் திரவக் குளோரின் 450 மில்லிலீற்றர் உங்கள் தடாகத்தில் 1 பிபிஎம் ஏற்றும், இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஊற்றிய பிறகு ஒரு மணித்தியாலம் மோட்டர் ஓடட்டும், காலையில் அளந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளை விடுங்கள்.

சோளகம்:

வேம்பு பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் இதே நிலைமை. ஒரு இலை தண்ணீரில் ஊறி அழுகத் தொடங்கினால் குளோரின் அதற்கே செலவாகும், ஆகவே இலை விழுகிற நேரம் மோட்டர் ஓட வேண்டும், ஸ்கிமர் பிடித்துவிடும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் காற்று எழும்புகிற முற்பகலில் 2 மணித்தியாலம், பிள்ளைகள் நீந்தின பிறகு பொழுதுபட்டதும் குளோரினோடு ஒரு மணித்தியாலம், மிச்சத்தை விடியப்புறம் என்று ரைமரில் பிரித்து வையுங்கள். வேப்பம்பூ கொட்டுகிற காலத்தில் ஸ்கிமர் கூடைக்குப் பெண்களின் பழைய நைலோன் காலுறையை மாட்டிவிட்டால் பூவெல்லாம் அதில் நிற்கும், மோட்டர் கூடை அடைபடாது. தடாகத்தின் மேல் விரிக்கிற விரிப்பு ஒன்று வாங்கினால் ஆவியாவதும் இலையும் குளோரின் போவதும் மூன்றும் குறையும், புது மோட்டருக்கு முதல் நான் அதைத்தான் வாங்குவேன். ஆனால் பிள்ளைகள் இறங்குகிற நேரம் பாதி மூடியபடி ஒருபோதும் விடாதீர்கள், முழுக்கச் சுருட்டி எடுங்கள்.

மாரி தொடங்கினதும் ஒருவரும் நீந்தவில்லை என்று மோட்டரை அடியோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் வழக்கும் வரும். நாளுக்கு 2 மணித்தியாலமாவது ஓட்டுங்கள், குளோரினை விடாதீர்கள். விரிப்பின் மேல் தேங்குகிற மழைத் தண்ணீரையும் ஒவ்வொரு நாளும் வழித்துவிடுங்கள், முட்டை அதிலும் போடும்.